பாதைக்குத் தூக்கிய கை

புவனகிரி வழி
8.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

லேகா எழுதுகிறேன். அத்தைக்கு முட்டிவலி, மற்றபடி எல்லாரும் இருக்கிறோம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். போனில் ஆரம்பித்தால் அழுதுவிடுவேன். அதனால்தான் சார்ஜா திரும்பும் பரங்கிப்பேட்டை பாய் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் கேட்டது நடந்துவிட்டது. சுடுகாட்டுப் பாதைக்குச் சிமெண்ட் போடுகிறார்கள். போன கார்த்திகையில் உங்கள் அப்பாவை இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கிப் போனதை வீடியோவில் பார்த்து அழுதீர்களே, இனி யாருக்கும் அந்தக் கதி வராது.

இந்த வருஷம் ஊராட்சிக்கு வந்தது ஒரே ஒரு வேலைக்கான பணம். பாதையா, அங்கன்வாடிக் கூரையா என்று ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் கேட்டார்கள். காரை பெயர்ந்து கிடப்பதைப் பிரிசில்லா டீச்சர் போட்டோ எடுத்து வந்து காட்டினார். அம்மாக்களில் பாதிப்பேர் வயலில் இருந்தார்கள். வந்திருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான்தானே வார்டு மெம்பர். தலைவர் சிரித்துக்கொண்டே, "பாதை இல்லன்னா ஊரே கேக்கும். புள்ளைங்களா வந்து கேக்கப் போவுதுங்க?" என்றார். எனக்கு உங்கள் அழுகைதான் ஞாபகம் வந்தது. பாதைக்குக் கை தூக்கினேன். என்னைப் பார்த்து அவர்களும் தூக்கினார்கள். டீச்சர் போட்டோக்களைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அலுப்பாக இருக்கிறது மாமா. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். மூன்று வயதுக்கு எந்த வாய் இருக்கிறது?

நம் பாப்பாவுக்கு ஏன் நெற்றி மறைய முடி வெட்டினாய் என்று கேட்டீர்கள். அத்தை ஆசைப்பட்டார் என்றேன். அது பொய். கிராம சபை முடிந்த மறுவாரம் அங்கன்வாடியில் சோறு சாப்பிடும்போது காரை அவள்மேல் விழுந்தது. சிதம்பரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூன்று தையல். பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். தழும்பு உங்கள் கண்ணில் படக்கூடாது என்று நான்தான் முடியை வெட்டினேன். இப்போது எல்லாப் பிள்ளைகளையும் டீச்சர் புளியமரத்தடியில் உட்கார வைக்கிறார். மழைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது.

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நீங்கள் அப்பாவுக்குக் கேட்டீர்கள், அதில் தப்பில்லை. அக்டோபர் இரண்டு மறுபடியும் கிராம சபை. அடுத்து வரும் பணம் எந்த வேலைக்கு என்று கேட்பார்கள். அன்று காலையில் ஒரு போன் செய்யுங்கள். 'புள்ளைங்களுக்குத் தூக்கு லேகா' என்று உங்கள் வாயால் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். அதைக் கேட்காமல் என் கை எழாது.

பாப்பா முத்தம் கொடுக்கச் சொன்னாள்.

உங்கள்
சந்திரலேகா