தெளிந்த தொட்டி

நாள் 211, காலை 8.10
செவ்வாய்க் கோள், நெய்தல் நிலையம். எழுதுவது உயிரியலாளர் அங்கயற்கண்ணி. பாசித்தொட்டி நல்ல பச்சை. நாங்கள் இருவர் மூச்சுவிடும் ஆக்சிஜன் முழுவதும் இதிலிருந்துதான். பாசி மண்டாமல் மேய்வதற்கு நீர்த்தெள்ளு விட்டிருக்கிறேன். கடுகளவுப் பூச்சி, லிட்டருக்கு நாற்பது. தீனிக்கு மேல் பெருகாது. பொறியாளர் சூசையப்பன் பனிச்சுரங்கத்துக்கு வண்டியில் போய் மூன்று நாள் ஆகிறது. குறட்டைச் சத்தம் இல்லாமல் நிம்மதியாக இருக்கிறது.

நாள் 219, மாலை 4.30
தெள்ளு லிட்டருக்கு அறுநூறு. தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். அறுநூற்றுப் பத்து. வெப்பம் மாறவில்லை, வெளிச்சம் மாறவில்லை. எவன் போட்டான் தீனி?

நாள் 220, காலை 7.05
நான்தான். சமையல் சூசையின் வேலை. அவன் போனதிலிருந்து நான் பொங்குகிறேன். எங்கள் வீட்டில் அரிசி களைந்த தண்ணீரைச் சாக்கடையில் விட்டால் அடி விழும், கறிவேப்பிலைச் செடிக்குத்தான் ஊற்றவேண்டும். இங்கே செடி ஏது? பன்னிரண்டு நாளாகத் தொட்டியில் ஊற்றியிருக்கிறேன். அந்த மாவில் பாக்டீரியா பெருகி, அதைத் தின்று தெள்ளு பெருகிவிட்டது. படித்த படிப்பை உடைப்பில் போட. இன்றோடு நிறுத்திவிட்டேன்.

நாள் 223, பகல் 1.20
தீனி நின்றதும் தெள்ளு பாசியின்மேல் பாய்ந்துவிட்டது. லிட்டருக்கு இரண்டாயிரம். வலைத்துணியால் அரித்து அரித்து விரல் மரத்துவிட்டது. பயமாக இருக்கிறது.

நாள் 225, காலை 9.00
தண்ணீர் தெளிந்துவிட்டது. போன மாதம் உள்ளே விழுந்த பேனா அடியில் கிடப்பது தெரிகிறது. தின்ன எதுவுமில்லாமல் தெள்ளும் செத்து மிதக்கிறது.
பாசி மறுபடி பிடிக்க நாற்பது நாள். விண்கலம் வர முப்பத்தொரு நாள். சிலிண்டரில் உள்ள ஆக்சிஜன் ஒருவருக்கு முப்பத்துநான்கு நாள் வரும். இருவருக்குப் பதினேழு. மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

நாள் 226, பகல் 11.40
சூசையின் செய்தி: "யக்கா, நாளைக்கு மதியம் வந்துருவேன். வண்டியில காத்து அதுக்குத்தான் சரியா இருக்கு. மவனுக்கு நாளைக்குப் பொறந்தநாளு, வந்ததும் பேசணும். ரெண்டு பேருக்கும் சேத்துப் பொங்கி வைங்க."
தொட்டியைப் பற்றி நான் சொல்லவில்லை. வெளிக்கதவின் பூட்டை நான்கு முறை தொட்டுப் பார்த்தேன். இதை எழுதாமல் மறைக்கலாம். மறைக்கவில்லை.

நாள் 227, பகல் 12.50
வண்டியின் தூசி தெரிகிறது.

நாள் 227, பகல் 1.15
"யக்கா, கதவத் தொறங்க. என்ன சத்தத்தையே காணும்?"
திறந்துவிட்டேன். அவன் நிற்கும் அறையில் காற்று நிரம்பப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். நான் வெளியே திறக்கும் பின்வாசலில் இருக்கிறேன். என் விண்வெளி உடுப்பின் காற்றையும் சிலிண்டரில் ஏற்றிவிட்டேன்.
சூசை, தப்பு என்னுடையது, உன் மகன் என்ன செய்தான்? அரிசி களைந்த தண்ணீரை நீ எப்போதும்போலக் கழிவுக்குழாயிலேயே விடு. அடுப்பில் சோறு இருக்கிறது. ஒரு ஆளுக்குத்தான் பொங்கினேன்.