அந்தக் கையில பையை மாட்டாதீங்க

என்னங்க,

முதல் ஷிஃப்ட், கிளம்பிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். பிசியோதெரபி தம்பி பதினொரு மணிக்கு வருவாரு. கதவைத் திறக்க நீங்க அவசரப்பட்டு எழுந்து வர வேண்டாம், சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்திருக்கேன். தலைவலின்னு சொல்லி அவரைத் திருப்பி அனுப்பாதீங்க. டாக்டர் போட்ட ஊசி கை விறைப்பைத் தளர்த்தத்தான் செய்யும், நீட்டி மடக்கிப் பழக்குறது நம்ம வேலை.

நேத்து பை நழுவி முட்டை உடைஞ்சதுக்கு முதல்ல ஊசியைத் திட்டினீங்க, அப்புறம் என்னை. "விஷத்தைப் போட்டு, இருந்த கையையும் எல்லாரும் சேர்ந்து கெடுத்துட்டீங்க"ன்னீங்க. பக்கவாதம் வந்ததுலேருந்து இடது கை கொக்கி மாதிரி மடங்கி விறைச்சே நின்னுச்சு. நீங்களும் கடைப் பையை அதுல மாட்டியே பழகிட்டீங்க. இப்ப விறைப்பு இறங்குது, பை நழுவுது. அது கைங்க, ஆணி இல்ல. நேத்து நான் சட்டை மாட்டிவிடும்போது நீங்க வலியில கத்தவே இல்ல, அதை மட்டும் சொல்ல மாட்டீங்களே!

முட்டை நான் வாங்கிட்டு வரேன். நீங்க போகாதீங்க.

இன்னொண்ணு. நீங்க தூங்கும்போது அந்தக் கை நகத்தை வெட்டிட்டேன். உள்ளங்கையில நகம் பதிஞ்ச இடத்துல மருந்து தடவியிருக்கேன், கழுவிடாதீங்க. முன்னாடியெல்லாம் என் விரல் உள்ள மாட்டினா அந்தக் கை விடாது, பிடுங்கித்தான் எடுக்கணும். இன்னிக்கு சுலபமா விட்டுடுச்சு. நல்லதுதான். ஆனா ஒரு நிமிஷம் எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சு.

சாயங்காலம் நீங்களா ஒரு தடவை என் விரலைப் பிடிங்க.