பூசை அறையில் இருக்கும் தேன் ஜாடி

விருத்தாசலம்,
8.3.2006

அன்பு மகள் அன்புக்கரசிக்கு அப்பா மாணிக்கவேல் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை பிரபாகரனும் பேத்தி வெண்பாவும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமாக இருக்கப் பழமலைநாதர் துணை நிற்கட்டும். மாசி மகத்துக்குக் கொடி ஏறிவிட்டது, கடையில் நிற்க இடமில்லை, பீங்கான் பொம்மையும் அகல் விளக்கும் நன்றாகப் போகிறது. தேர் முடிந்ததும் அம்மா உன் பிரசவத்துக்கு ரயிலேறுகிறாள், டிக்கெட் போட்டாகிவிட்டது. கால் வீங்கியிருந்தால் உப்பைக் குறை, படி ஏறி இறங்காதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், சுற்றி வளைக்க எனக்கு வராது. பிள்ளை பிறந்ததும் நாக்கில் சேனை வைக்கட்டும் என்று உன் சித்தப்பா மகன் அன்புச்செல்வனிடம் ஒரு ஜாடித் தேன் கொடுத்தனுப்பினேனே, அதை யாரும் தொடக் கூடாது. பச்சைக் குழந்தைக்குத் தேனே ஆகாது என்று உன் டாக்டரம்மா சொன்னதாக நீ சொன்னபோது நானும் அம்மாவும் கோபப்பட்டோம். அந்தக் கோபத்தை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இப்போது என் பயம் வேறு.

கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் நான் வாங்கிய முந்திரித் தோப்பில் தை மாதம் பன்னிரண்டு தேனீப் பெட்டி வைத்தேன் அல்லவா, பெட்டி பார்க்க பக்கிரி என்று ஒருவர் வருகிறார், தொழில் தெரிந்தவர். ஒருநாள் ஒரு ஈ பூவுக்குக் கிட்டே வந்து, உட்காராமல் ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திரும்பியது. ஏன் என்று கேட்டேன். அதுக்கு அவர், முன்னாடி வந்தவ தேனைக் குடிச்சுட்டு கால் வாசத்த வச்சுட்டுப் போயிருக்கா மொதலாளி, இவ மோந்து பாத்துட்டு காலி வூடுன்னு திரும்பிட்டா, நீங்க கடையில சரக்கு இல்லன்னு போர்டு மாட்டுற மாதிரிதான் என்றார். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

அந்த அரைகுறைப் படிப்புதான் என்னைக் கெடுத்தது. தோப்பில் காய்ப்பைக் குத்தகைக்கு எடுத்த மாயவன் மாசி பிறந்ததும் வந்து, பூவுல பூச்சி வுழுதுங்க, மருந்து அடிக்கட்டுமா என்று கேட்டான். காய்ப்பு குறையக் கூடாது, உனக்குத் தெரிஞ்சதைச் செய் என்று நான்தான் சொன்னேன். பெட்டியின் ஞாபகமே எனக்கு வரவில்லை. மருந்து அடித்த மூன்றாம் நாள் தோப்புக்குப் போனால் எந்த மரத்திலும் ஈ உட்காரவில்லை, பூவுக்குப் பூ வந்து மோந்துவிட்டுத் திரும்புகிறது. பக்கிரி தங்கச்சி கல்யாணத்துக்கு வேப்பூர் போயிருந்தார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா, தோப்புப் பூரா காலி, அப்படியென்றால் தேன் முழுக்கப் பெட்டிக்குள் வந்துவிட்டது என்று. அவருக்குக் காத்திராமல் நானே அடையை எடுத்து வடித்து, நம் கடை வெள்ளை ஜாடியில் ஊற்றி, வாயை மெழுகு வைத்து அடைத்து அனுப்பிவிட்டேன்.

பக்கிரி திரும்பி வந்து கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். கால் வாசம் செத்த நேரத்துல போயிடும்ங்க, பூவுல மறுபடி ஊறும், ஈயும் மறுபடி வரும், நாள் பூரா ஒன்னும் உக்காரலன்னா அது கால் வாசம் இல்ல மொதலாளி, மருந்து வாசம், நீங்க ஈயையும் வியாபாரியாவே பாத்துட்டீங்க என்றார். பெட்டி வாசலில் என்னை உட்காரவைத்துக் காட்டினார். வெளியே போய்வந்த ஈ தள்ளாடிக்கொண்டு வருகிறது, காவல் நிற்கிற ஈக்கள் அதை மோந்து பார்த்துக் கடித்து வெளியே தள்ளுகின்றன. வாசம் மாறிவிட்டால் தன் கூட்டு ஈயையே உள்ளே விடாதாம். பெட்டிக்குக் கீழே கை வைத்து அள்ளலாம், அவ்வளவு செத்துக் கிடந்தது. மருந்து அடித்த அன்றைக்குப் பூவில் உட்கார்ந்த ஈக்கள் தேனோடு மருந்தையும் பெட்டிக்குள் கொண்டுவந்திருக்குமாம். அதோடு போகவில்லை. தோப்பில் சருகு கூட்டும் வீராயி, நான் பிழிந்துபோட்ட அடையை மென்றிருக்கிறாள், அன்று சாயங்காலமே வாந்தி, தலைச்சுற்றல், இரண்டு நாள் ஆஸ்பத்திரி. மருந்து அடித்த மரத்தடியில் வேலை செய்ததாலா, அந்த அடையாலா, யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டாள், ஆனால் டம்ளரைப் பிடித்தால் இன்னும் கை நடுங்குகிறது.

இரண்டு தடவை உங்கள் வீட்டுக்கு போன் போட்டேன். இரண்டு தடவையும் உன் மாமியார்தான் எடுத்தாங்க. தேன் வந்துடுச்சுங்க சம்பந்தி, பூசை ரூம்புல வச்சிருக்கோம், என்னா வாசம் என்று சந்தோஷமாகச் சொன்னாங்க. சந்தோஷம்ங்க என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பெண்ணைப் பெற்றவன் விஷத்தை அனுப்பினான் என்று ஒரு பேச்சு வந்தால் நீயல்லவா அந்த வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டு வாழணும். விரிசல் விட்ட ஜாடியை விரிசல் என்று சொல்லித்தான் முப்பது வருஷமாக விற்கிறேன், அன்றைக்குச் சொல்லவில்லை. போனை வைத்தபிறகுதான் உறைத்தது, மெழுகு பிரிக்காமல் வாசம் எப்படி வரும்?

இதை ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன், சனிக்கிழமைக்குள் வந்துவிடும் என்கிறார்கள். ஆனால் அதுவரை பொறுக்க எனக்கு மனசில்லை. தபாலில் போட்ட கையோடு மறுபடி போன் போடுவேன், யார் எடுத்தாலும் சொல்லிவிடுவேன், என் மானம் கிடக்கட்டும். போனில் விட்டுப்போனது இதில் இருக்கிறது. வெண்பா எட்டுகிற இடத்தில் ஜாடி இருக்கக் கூடாது, அவளுக்கு இனிப்பென்றால் உயிர். வெளியே திறந்து கொட்டிவிடாதே. ஒரே ஒரு ஈ மோப்பம் பிடித்தால் போதும், அந்த வாசத்தைக் கூட்டுக்குக் கொண்டுபோய் மொத்தக் கூட்டத்தையும் கூட்டிவந்துவிடும். ஆழமாகக் குழி வெட்டி ஜாடியோடு புதைக்கச் சொல்.

சுகப்பிரசவம் ஆகி, தாயும் பிள்ளையும் தீர்க்காயுசாக இருக்க என் ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்கும் வெண்பாவுக்கும் என் அன்பு. புதைக்கும் முன் ஜாடிக்குள் ஒருதரம் பார். கழுத்து வரைக்கும் ஊற்றி அனுப்பினேன். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மட்டும் சொல், யார் மேலும் கோபப்பட மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
மாணிக்கவேல்