உங்கள் ஒல்லாந்துக் கிராமத்தை நகரம் எடுத்துக்கொண்டது

என் அன்பு அண்ணைக்கு,

போன இடத்தில் நிம்மதியாக இருக்கிறீர்களா? இங்கே லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஓயாத மழை. எண்பதுகளில் அகதியாகப் போய் இறங்கி, கண்மூடும்வரை நீங்கள் வாழ்ந்த ஒல்லாந்துக் கிராமத்தைப் பக்கத்து நகரம் தன்னோடு சேர்த்துக்கொண்டதாம். அண்ணி போனில் சொன்னார்.

ஒரே நாளில் நடக்கவில்லை. முதலில் வீடு கட்ட மேய்ச்சல் நிலம் கேட்டார்கள். பிறகு பஸ் விட்டார்கள். கடைசியில் கிராமத்து மேயரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தங்கள் பெயர்ப்பலகையை நட்டார்கள். ஒன்றும் மாறாது என்று கேக் வேறு கொடுத்தார்களாம். யாழ்ப்பாணத்தில் வந்து கோட்டை கட்டினவர்கள், சொந்த ஊரை மட்டும் விட்டுவைப்பார்களா?

அதைவிடப் பெரிய சந்தேகம் எனக்கு உங்கள் பக்கத்து வீட்டுக் கிழவர் மேல். அந்த ஊரில் இருட்டினாலும் யாரும் ஜன்னல் திரையை மூடுவதில்லை; மறைக்க எதுவுமில்லை என்று காட்டுகிற வழக்கம். நீங்களோ பொழுதுபட்டதும் இழுத்து மூடுவீர்கள். வெளிச்சம் கண்டால் ஹெலிகொப்டர் வந்து சுடும் என்று பயந்த எங்கள் ஊர்ப் பழக்கம். உள்ளே ஏதோ நடக்கிறது என்று இந்தக் கிழவர் பொலிசிடம் சொல்லிவிட்டார். வந்தவர்கள் கண்டது நீங்கள் இடியப்பம் பிழிந்ததைத்தான்.

அந்த மனிதர் இப்போது பின்னேரங்களில் அண்ணியிடம் கோப்பி குடிக்க வருகிறாராம். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான், வீட்டில் கண் வைத்துவிட்டார் என்றேன். அண்ணி சிரித்தார். ஊர் பறிபோன பிறகு ஒரு ஆள் எப்படி இருக்கிறது, காலையில் எழும்பி என்ன செய்கிறது என்றுதான் கிழவர் கேட்கிறாராம். அங்கே அது தெரிந்தவர் அண்ணி ஒருவர்தானே.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு லண்டனுக்கு வாருங்கள், பிளேஸ்டோவில் வீடு பார்க்கிறேன் என்று அண்ணியை நெருக்கினேன்.

"ஒருக்கா ஓடினது காணும், மச்சாள்," என்றார் அண்ணி. "இனி ஊர் ஓடுறதெண்டா ஓடட்டும். நான் இருக்கிறன்."

போனை வைத்துவிட்டு அழுதேன், அண்ணை. இத்தனை வருஷம் அவர் உங்களுக்குப் பின்னால் வந்தவர் என்றே நினைத்திருந்தேன்.

கிழவரை நான் இன்னும் நம்பவில்லை. நகரத்தையும் நம்பவில்லை. ஆனால் அண்ணியை இனி இங்கே வரச்சொல்லிக் கூப்பிட மாட்டேன். அவர் இருக்கும்வரை, வருஷம் தவறாமல் நான் அங்கே போவேன். இது உங்களுக்குத் தருகிற வாக்கு.

எவரையும் லேசில் நம்பாத,
உங்கள் தங்கச்சி