சட்டைப் பையில் இருந்த கிளிப்

பாப்பாவோட அப்பாவுக்கு,

சோறு குக்கர்ல இருக்கு, கொட்டிக்கோங்க.

உங்க ரிமோட் பிளேன்ல றெக்கையை அசைக்கிற செர்வோ மோட்டார் வயரைப் பாப்பா சரியா மாட்டலை, அதான் பிளேன் விழுந்துச்சுன்னு நேத்து மைதானத்துல எல்லார் முன்னாடியும் அவளை அறைஞ்சீங்களே? இன்னிக்கு உங்க சட்டையைத் துவைக்க எடுத்தேன். அவ மாட்டினதும், வயர் கழலாம இருக்க நீங்க போடவேண்டிய கிளிப் பையிலேயே கிடக்குது.

அவ கன்னம் வீங்கிக் கிடக்கு. "நான்தான் சரியா அழுத்தலை போலம்மா"ன்னு இன்னும் புலம்புறா.

மிச்சமிருந்த ரெண்டு பிளேனையும் சுத்தியலால நொறுக்கி உங்க மெத்தையில கொட்டியிருக்கேன். நாங்க எங்கக்கா வீட்டுக்குப் போறோம். என் சாவி டிவி பக்கத்துல.

பி.கு.: கிளிப் உங்க தட்டுல இருக்கு. அதை அவகிட்ட காட்டி, தப்பு என்னுதுன்னு சொல்லுங்க. சொல்ற எண்ணமில்லாம அங்க வந்து நிக்காதீங்க. சுத்தியலையும் எடுத்துட்டுத்தான் போறேன்.