அடுத்த வாரம் கண் பரிசோதனை

இல்லை, அப்பா இன்னும் கண் பரிசோதனைக்குப் போகவில்லை. நீ போனில் கேட்டபோது பக்கத்திலேயே இருந்தார், அதனால் மழுப்பினேன். அங்கே நீ சுகமாக இருக்க வேண்டும் மகளே. இங்கே உடம்பு சுகம்தான், மனசில்தான் ஏதோ உறுத்துகிறது.

பள்ளிப் பேருந்து ஓட்டுபவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் கண் சான்றிதழ் கொடுக்க வேண்டும். மூன்று முறை நாள் குறித்து மூன்று முறையும் தள்ளிவிட்டார். "அடுத்த வாரம் கூட்டம் கொறையும்டி" என்கிறார். ஆனால் மின்விசிறி இறக்கையைத் துடைக்கிறார், கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுகிறார், யாரும் கேட்காமலே பரணை ஒழிக்கிறார். இவரைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது? சந்தேகம் தட்டியது. பிறகு குளியலறையில் முணுமுணுப்பு. துவைக்க எடுத்த சட்டைப் பையில் ஒரு தாள், வரிசை வரிசையாக எழுத்துகள், ஒரு சொல்கூடத் தேறவில்லை. யாருக்கோ ரகசியமாக எழுதுகிறார் என்றே நினைத்தேன், சிரிக்காதே, அவர் தொப்பையைப் பார்த்துத்தான் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

பிறகு என் கண்ணாடிக்கு பிரேம் மாற்றக் கண் மருத்துவமனைக்குப் போனேன். சுவரில் அந்தப் பலகை, மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சிறியது. முதல் இரண்டு வரியிலேயே தெரிந்துவிட்டது, தாளில் இருந்த அதே வரிசை. வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கு நம்மைத் தெரியும். "சார் ரெண்டு தடவ வந்தாரே, அந்தப் பலகைகிட்டயே நின்னு என்னமோ எழுதிட்டு, அப்புறம் வரேன்னு போயிட்டாரு" என்றாள்.

சோம்பல் இல்லை, பயம். வண்டியைத் தொடாதே என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். மனப்பாடம் ஆகும்வரைதான் இந்த அடுத்த வாரம் எல்லாம். ஆனதும் போய்விடுவார், தேறியும் விடுவார். சுவர்க் கடிகாரத்தில் மணி என்ன என்று என்னைக் கேட்கிற மனிதர். அந்த வண்டியில் நாற்பது குழந்தைகள்.

இது தெரிந்து ஒன்பது நாள் ஆகிறது. கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் குக்கர் விசில் அடிக்கிறது. அடிக்காவிட்டால் நானே போய் குக்கரை வைக்கிறேன். கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. இப்போது என்மேலும் எனக்குச் சந்தேகம்.

உன் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமும் அடுத்த வாரம்தானாம். நீ அனுப்பிய படத்தில் உன் மேசை பளிச்சென்று இருக்கிறது. அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு மோசமான பக்கமாவது எழுதி இன்றே பேராசிரியரிடம் காட்டு, மறக்காதே. நன்றாக இரு கண்ணு, எடுத்தது முடியட்டும்.

உன் அம்மா

கடிதத்தை எழுதி முடிக்கும்போது அவர் குளித்துக்கொண்டிருந்தார். ஏழு மணிக்கு வண்டி எடுக்க வேண்டும். ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். குளியலறைக் கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.