பெற்றோல் மூடிக்குள் ஒரு ரப்பர் வளையம்

நான் வாய் மூடிக்கொண்டிருந்தது போதும், அத்தான். நீங்கள் போய் ஒரு வருடமாகிவிட்டது. செத்த மனிதரோடு என்ன வழக்கு என்று இவ்வளவு காலமும் பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் காரின் பெற்றோல் மூடியைத் திறந்தபோது ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வந்தது. வெளிக்காற்று பெற்றோல் தாங்கிக்குள் பாய்ந்து போகிற சத்தம். பின்னாலேயே பெற்றோல் மணம். மூடியைக் கையில் வைத்தபடி நான் அப்படியே நின்றேன்.

உங்கள் ஆண்டுப் பூசைக்குக் கனடாவிலிருந்து வந்திருந்த மகள், திரும்பிப் போவதற்கு முதல்நாள் அப்பாவின் காரை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். நான் நிலாவெளியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். கூரை மடிக்கிற, இரண்டு பேருக்கு மேல் இடமில்லாத, பச்சை வெளுத்த அந்தக் கார் தெருவோரம் நின்றது. காணாத மாதிரிப் போகத்தான் நினைத்தேன். அவள் கையைக் காட்டிவிட்டாள்.

“மாமா, குலுங்கிக் குலுங்கி வந்து நிண்டிட்டுது. அப்பா சொல்லுற அதே குலுக்கல்.”

“பெற்றோல் இருக்கோ?”

“ஆருக்குத் தெரியும்? பெற்றோல் காட்டுற முள்ளுத்தான் எப்பவோ செத்துப்போச்சே.”

தாங்கியின் திறப்பைக் கேட்டேன். சாவிக் கோர்வையிலிருந்து அந்தச் சின்னத் திறப்பைக் கழற்றித் தந்தாள். யோசிக்காமல் தந்தாள். நீங்கள் ஒரு நாளும் தராத திறப்பு அது.

ஞாபகம் இருக்கிறதா? பெற்றோலுக்கு எல்லோரும் வரிசையில் கிடந்து காய்ந்த காலம். வெளியே ஓட வழியில்லை, சும்மா நிற்கிற நேரத்தில் காபரேட்டர் இரண்டையும் கழுவித் தா என்று நீங்கள்தான் கேட்டீர்கள். துறைமுகத்தில் இழுவைப் படகுகளின் எஞ்சின்களோடு மாரடிக்கிற எனக்கு அது பெரிய வேலையில்லை. கழற்றி, கழுவி, திருப்பிப் பூட்டித் தந்தேன். அந்தக் கிழமையே யாரோ உங்கள் வீட்டு வளவுக்குள் வந்து தாங்கியில் குழாய் விட்டுப் பெற்றோலை உறிஞ்சிக்கொண்டு போனார்கள். நீங்கள் பூட்டு வைத்த மூடி ஒன்று வாங்கிப் போட்டீர்கள்.

பிறகு பெற்றோல் தாராளமாக வந்தது. கார் தெருவுக்கு இறங்கியது. குலுக்கலும் தொடங்கியது.

நகரத்துக்குள் ஓடினால் ஒன்றுமில்லை. உப்புவெளி தாண்டினால் எஞ்சின் இழுக்கும், விடும், விக்கல் எடுத்தவன் மாதிரித் துள்ளும். சிலநாள் அதுவும் இல்லை. நான் பிளக்குகளை மாற்றினேன். டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து சுத்தம் செய்தேன். கொயில் சூடேறித்தான் இப்படிச் செய்கிறதோ என்று அதையும் மாற்றினேன். வயர் வயராகத் தடவிப் பார்த்தேன். எங்கேயும் பிழை இல்லை.

ஒருநாள் இரண்டு பேருமாகப் போனோம். நீங்கள் ஓட்டினீர்கள். உப்புவெளி தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் குலுங்கத் தொடங்கி நின்றுவிட்டது. எனக்குச் சந்தோஷம், கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று. முன்னால் ஓடிப்போய் பொனெற்றைத் தூக்கினேன். நீங்கள் பின்னால் போய், பெற்றோல் இருக்கிறதா என்று பார்க்க, மூடியைத் திறந்து குச்சி விட்டீர்கள். கடற்காற்று அன்று பலமாக அடித்தது. நான் எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தேன். திரும்பப் பூட்டிக்கொண்டு வந்து ஸ்டார்ட் செய்தீர்கள். கார் பூப்போல ஓடியது.

“உன்ர மூஞ்சையக் கண்டா பயந்து ஓடுது மச்சான்,” என்று சிரித்தீர்கள்.

“ரெண்டு நாள் என்னட்ட விடுங்கோ அத்தான். திறப்பு முழுக்கத் தாங்கோ. நான் நிலாவெளி மட்டும் தனிய ஓடிப் பாக்கவேணும்.”

“காரைக் கொண்டு போ. தாங்கித் திறப்பு என்னட்டத்தான் இருக்கும்.”

“ஏன்?”

“காலம் அப்பிடி.”

அந்தக் ‘காலம்’ யார் என்று எனக்கு விளங்கியது. காரைக் கொண்டுபோகவில்லை. உங்கள் தாங்கிக்குக் குழாய் விட்டவன் நானாக இருக்கலாம் என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். வாயால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும்.

அந்த வருட நத்தார்ப் பண்டிகைக்கு உங்கள் உவர்மலை வீட்டில் சொந்தமெல்லாம் கூடியிருந்தது. யாரோ காரைப் பற்றிக் கேட்டார்கள். நீங்கள் கதிரையில் சாய்ந்தபடி சொன்னீர்கள்: “படிச்ச எஞ்சினியர்தானே எண்டு காபரேட்டரக் கழுவக் குடுத்தன். ஐயா எஞ்சினையே கழுவிப்போட்டார்.” வீடே சிரித்தது. குசினி வாசலில் கேக் தட்டோடு நின்ற அக்காவும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்தது எனக்குக் கணக்கில்லை. சின்ன வயதில் என்னை யாராவது நையாண்டி பண்ணினால் அவர்கள் வீட்டுக்கே போய்ச் சண்டை பிடிக்கிற அக்கா அவள்.

அன்று இறங்கியவன் பிறகு அந்தப் படி ஏறவில்லை. அவளும் கூப்பிடவில்லை. நீங்கள் வருத்தமாகக் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. செத்தவீட்டுக்கு வந்தேன், படலைக்கு வெளியே நின்றேன், பெட்டி வெளியே வந்ததும் போய்விட்டேன். அதற்காக இப்போதும் நான் வருந்தவில்லை. களைப்பாக மட்டும் இருக்கிறது. ஒருவர் மேல் கோபத்தைச் சுமப்பதற்கு அவரும் மறுபக்கம் உயிரோடு இருக்கவேண்டும் போல.

ஞாயிற்றுக்கிழமை அந்த மூடியைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே கறுப்பாக ஒரு வளையம். பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டி இறுக்கியிருந்தீர்கள். ஒரு சொட்டு ஆவிகூட வீணாகக் கூடாது என்று. அந்த நாட்களில் ஊரில் முக்கால்வாசிப் பேர் இப்படி ஏதாவது செய்துகொண்டுதான் இருந்தோம். ஆனால் பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும், அத்தான். மூடியில் அதற்காக ஊசித்துளை ஒன்று உண்டு. அதை உங்கள் வளையம் அடைத்துவிட்டது. கொஞ்சத் தூரம் ஓடியதும் தாங்கி பெற்றோலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எஞ்சினுக்குப் போதாமல் குலுங்குகிறது. மூடியைத் திறந்தால் சரியாகிவிடுகிறது. நான் முன்னால் நின்று தேடிய நோயை நீங்கள் பின்னால் நின்று, தெரியாமலே, மாற்றிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். எனக்குப் பயந்து போட்ட மூடியால்தான் உங்கள் கார் திணறியது.

வளையத்தை உரித்தெடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். கார் ஒரே முறையில் ஸ்டார்ட் ஆனது.

“என்ன மாமா செய்தனீங்கள்?”

“மூடி இறுகிப்போய்க் கிடந்தது. இனி நிக்காது. வீட்டை போ.”

அவள் போகவில்லை. “அம்மா காரை விக்கப் போறா. அடுத்த கிழமை ஆள் வந்து துண்டு துண்டாக் கழட்டிக்கொண்டு போகுமாம். எஞ்சின் போனதுதானே எண்டு.”

“எஞ்சினுக்கு ஒண்டும் இல்லை. அம்மாட்டச் சொல்லு.”

“நீங்களே சொல்லுங்கோ. உங்கட ரெண்டு பேருக்கும் இடையில நான் நிக்க ஏலாது.” காரை நகர்த்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். “அப்பா வேற ஒருத்தரையும் அதில கை வைக்க விடேல்ல மாமா. ‘பழுதாக்கினவனே வந்து திருத்தட்டும்’ எண்டுதான் கடைசி மட்டும் சொன்னவர்.”

இந்த ஒரு வசனத்தை நான்கு நாட்களாகச் சுமந்துகொண்டு திரிகிறேன். ஒரு நேரம் அது அதே பழைய நக்கலாகக் கேட்கிறது. இன்னொரு நேரம், ‘வா’ என்று சொல்லத் தெரியாத மனிதர் என்னைக் கூப்பிட்ட விதமாகக் கேட்கிறது. எது என்று கேட்க நீங்கள் இல்லை. இனி இது என்னோடுதான் கிடக்கும்.

இந்தக் கடிதத்தை உங்கள் பெயருக்கே அனுப்புகிறேன். உங்கள் பெயருக்கு இன்னும் வருகிற கடிதங்களை அக்காதான் உடைக்கிறாளாம். வளையத்தையும் உள்ளே வைக்கிறேன். அதன் விளிம்பு பல்லுப் பல்லாக இருக்கிறது. துணியில் நூல் பிரியாமல் இருக்க அக்கா பாவிக்கிற, பல்லு வைத்த தையல் கத்தரியால் வெட்டியிருக்கிறீர்கள். வேறு யார் சொல்லியும் நம்பாதவள் அதைக் கண்டால், இது உங்கள் கைவேலைதான் என்று நம்புவாள். கழற்ற வருகிற ஆளைத் திருப்பி அனுப்புவதும் விடுவதும் அவள் விருப்பம்.

என் பெயரைப் போட்டால் அவள் பதில் எழுதவேண்டி வரும், அல்லது எழுதாமல் இருக்கவேண்டி வரும். இரண்டையும் தாங்க எனக்குத் தெம்பில்லை. முதல் வரியிலேயே என் கையெழுத்தை அவள் அடையாளம் கண்டுவிடுவாள். பெயர் இல்லாவிட்டால், விரும்பினால், யாரென்று தெரியாத மாதிரி இருந்துகொள்ளலாம். அதனால் கீழே ஒன்றும் எழுதாமல், இப்படியே தபாலில் போடுகிறேன்.